சினிமா விஞ்ஞானியின் வெள்ளைக் கோட்டு

சினிமாவுக்கு ஓர் ஆய்வுக்கூடம் செட் போடப் பெரிய செலவு ஆகாது. நீளமான மேசை ஒன்று, அதன்மேல் இருபது முப்பது கண்ணாடிக் குடுவைகள், அவற்றில் சிவப்பு, பச்சை, நீலச் சாயம் கலந்த தண்ணீர். மேசைக்கு அடியில் ஒரு வாளி வெந்நீர். அதில் டிரை ஐஸ் கட்டிகளைப் போட்டால் வெண்புகை தரையோடு தவழும். சுவரில் மினுக்கும் சின்ன விளக்குகள், பலகை நிறையச் சமன்பாடுகள். நடுவே வெள்ளைக் கோட்டும் தடித்த கண்ணாடியும் கலைந்த தலையுமாக ஒருவர். அவர் வாய் திறப்பதற்கு முன்பே கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும், இவர் விஞ்ஞானி என்று.

இப்படிப் பார்த்த மாத்திரத்தில் புரிகிற, எல்லாப் படத்திலும் திரும்பத் திரும்ப வருகிற உருவத்தை ஆங்கிலத்தில் ஸ்டீரியோடைப் என்பார்கள். முதலில் அது அச்சகச் சொல். கோத்த எழுத்துகளிலிருந்து ஒரே தகடாக வார்த்தெடுத்த அச்சுக்குத்தான் அந்தப் பெயர். மனத்தில் பதிந்துபோன பிம்பம் என்ற பொருளில் அதைப் பரவலாக்கியவர் அமெரிக்க எழுத்தாளர் வால்டர் லிப்மன், 1922இல். நமக்கு அச்சு வெல்லத்தை நினைத்தால் போதும். பாகு எந்தத் தோட்டத்துக் கரும்பிலிருந்து வந்தாலும் மர அச்சில் ஊற்றினால் வில்லை ஒரே வடிவம்தான். தமிழில் அச்சுப் பிம்பம் என்று சொல்லலாம்.

அச்சுப் பிம்பம் முழுப் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆய்வுக்கூடத்தில் வெள்ளைக் கோட்டு உண்டு, குடுவை உண்டு, கண்ணாடி போட்டவர்களும் உண்டு. சில பேரிடம் சில நேரம் இருப்பதை எல்லாரிடமும் எப்போதும் இருப்பதாகக் காட்டுவதில்தான் கோளாறு.

செட்டில் இருப்பதும் லேபில் இருப்பதும்

கோட்டிலிருந்து தொடங்கலாம். அது வெள்ளையாக இருப்பதற்குக் காரணம், மேலே எது தெறித்தாலும் உடனே தெரிய வேண்டும் என்பது. பருத்தித் துணியாக இருப்பதற்குக் காரணம், நைலான் போன்ற செயற்கை இழை தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பது. கழுத்துவரை பொத்தான் போட வேண்டும், லேபை விட்டு வெளியே வரும்போது கழற்றிவிட வேண்டும். சினிமா விஞ்ஞானி பொத்தான் போடுவதே இல்லை. காற்றில் பறக்கும் கோட்டு திரையில் அழகு, ஆனால் எரியும் பர்னருக்குப் பக்கத்தில் ஆபத்து. விரித்த தலையும் அப்படித்தான். மேல்நிலை வகுப்பு வேதியியல் லேபில் முடியைப் பின்னிக் கட்டச் சொல்வது அதற்காகவே.

அடுத்து வண்ணத் திரவங்கள். மயில்துத்தம் நீலம், பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஊதா, பொட்டாசியம் டைகுரோமேட் ஆரஞ்சு. ஆனால் ஒரு லேபின் அலமாரியில் உள்ள பெரும்பாலான கரைசல்களுக்கு நிறமே கிடையாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், சோடியம் ஹைட்ராக்சைடு, உப்புக் கரைசல் மூன்றும் பார்வைக்குத் தண்ணீர்தான். பாட்டிலில் பெயர்ச்சீட்டு ஒட்டாமல் வைத்தால் திட்டு விழுவதும் இதனால்தான். சினிமா பாட்டில்களில் பெயர்ச்சீட்டு இருக்கிறதா என்று கவனித்துப் பாருங்கள், அநேகமாக இருக்காது.

கறுப்பு வெள்ளைக் காலத்தில் திரவத்தின் நிறத்தால் பயனில்லை. அதனால் பழைய படங்கள் மின்பொறியையும் புகையையும் கொப்புளத்தையும் நம்பின. நிறம் பின்னால் வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் 1956இல் வெளியானது. அதைத் தயாரித்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது.

நிறத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். பிளஸ் டூ படித்தவர்களுக்குப் பெர்மாங்கனேட் டைட்ரேஷன் நினைவிருக்கும்: ஒரு கரைசலில் இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு அதன் செறிவை அளக்கும் பயிற்சி. ஆக்சாலிக் அமிலக் கரைசலில் நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, ப்யூரெட் என்ற அளவுக்குழாயிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சூடு போதாவிட்டால் வினை மெதுவாகி, நிறம் மறையவே நேரமாகும். விழுகிற சொட்டின் ஊதா குலுக்கக் குலுக்க மறைந்துகொண்டே வரும். ஏதோ ஒரு சொட்டில் வெளிர் ரோஜா நிறம் மறையாமல் நிற்கும். அதுதான் முடிவுப்புள்ளி. ஒரு சொட்டு கூடி அடர் நிறம் வந்துவிட்டால் அந்த அளவீடு வீண், மறுபடி முதலிலிருந்து. சரியாக வந்தாலும் ஒரே அளவீட்டை எழுதிக் கொடுக்க முடியாது. அடுத்தடுத்த இரண்டு அளவீடுகள் ஒத்துப்போகும்வரை செய்ய வேண்டும். சினிமாவில் நிறம் பொங்கி வழிந்தால் வெற்றி. இங்கே நிறம் அடர்ந்தால் தோல்வி. நிஜ ஆய்வின் குணம் முழுவதும் இந்த ஒரு பயிற்சியில் அடங்கியிருக்கிறது: கடைசிச் சொட்டில் நிதானம், அப்புறம் மறுபடியும் செய்து பார்ப்பது.

புகை பற்றிச் சுருக்கமாக. டிரை ஐஸ் என்பது உறைந்த கார்பன் டை ஆக்சைடு. அதன் வெப்பநிலை மைனஸ் 78.5 டிகிரி. நாம் பார்க்கும் வெண்புகை அந்த வாயு அல்ல, குளிரில் திரண்ட நீர்த்துளிகள். பள்ளி விழாவில் விஞ்ஞானி நாடகம் போடுகிறவர்கள் அதை வெறுங்கையால் தொடக்கூடாது, மூடிபோட்ட பாட்டிலில் அடைக்கவே கூடாது, வெடிக்கும். சன்னல் சாத்திய சின்ன அறையிலும் வேண்டாம். வாயு தரையில் தேங்கி மூச்சுத் திணறும்.

இந்த உருவம் வந்த வழி

மேலைநாட்டில் இதற்கு மூதாதை ரசவாதி. ஈயத்தைப் பொன்னாக்க இருட்டறையில் உலை மூட்டி உட்கார்ந்திருப்பவர், மறைவான நூல்கள் வைத்திருப்பவர், கடவுளின் வேலையில் கை வைப்பவர். மேரி ஷெல்லி 1818இல் எழுதிய ஃபிராங்கன்ஸ்டைன் நாவலில் அந்த ரசவாதியின் இடத்தில் ஒரு பல்கலைக்கழக மாணவன் உட்கார்ந்தான். நாவலில் அவன் இளைஞன். உயிர் கொடுத்த முறையை அவன் விவரிப்பதே இல்லை. இடி மின்னல், பொறி பறக்கும் எந்திரங்கள், கூன்விழுந்த உதவியாளன் எல்லாம் 1931இல் வந்த ஹாலிவுட் படம் பதித்தவை. அதற்கு முன்பே, 1927இல், மெட்ரோபாலிஸ் என்ற ஜெர்மன் மௌனப்படம் பறட்டைத் தலையும் செயற்கைக் கையும் கொண்ட ஒரு கண்டுபிடிப்பாளரைக் காட்டிவிட்டது.

பறட்டைத் தலை நிலைத்ததில் ஐன்ஸ்டைனின் புகைப்படங்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் அவை முதுமையில் எடுத்தவை. ஒளித்துகள், சார்பியல் ஆகியவை பற்றிய கட்டுரைகளை 1905இல் எழுதியபோது அவருக்கு வயது 26. சுவிட்சர்லாந்தில் காப்புரிமை அலுவலகத்தில் வேலை, கருகருவென்று வாரிய தலை.

தமிழ்த் திரைக்கு இன்னொரு மூதாதையும் இருக்கிறார்: நம் மந்திரவாதி. குகை, மண்டையோடு, புகை, யாருக்கும் புரியாத உச்சாடனம், பக்கத்தில் ஓர் எடுபிடி. குகையை லேபாகவும் உச்சாடனத்தைப் பார்முலாவாகவும் மாற்றிக்கொள்ளுங்கள், வில்லன் விஞ்ஞானி தயார். நல்ல விஞ்ஞானிக்கோ சித்தர் சாயல்: குடும்பம் மறந்தவர், தாடி வளர்ந்தவர், ஒற்றை ஆளாகத் தவம் இருப்பவர். 2010இல் வந்த எந்திரனில் விஞ்ஞானி ரோபோவை முடிக்கும்வரை நீண்ட முடியும் தாடியுமாகத்தான் இருக்கிறார். அந்தத் தாடியைப் பார்த்ததும் அவர் எத்தனை காலம் அடைந்துகிடந்தார் என்று நமக்குப் புரிந்துவிடுகிறது, ஏனென்றால் தவசிகளின் தாடியை நாம் தலைமுறைகளாக அறிந்தவர்கள்.

சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்கக் கஞ்சமலை போதும். அடிவாரத்துச் சித்தர் கோயிலின் தலக்கதையில், சோறு கிளறிய குச்சியால் சோறு கறுத்துவிடுகிறது, அதை உண்டவர் இளமை பெறுகிறார். அதே மலையின் பாறையில் மேக்னடைட் என்ற இரும்புத்தாது இருக்கிறது. புவியியலாளர்கள் நெடுங்காலமாக அளந்து வரைபடமிட்டு வருகிற பாறை அது. கதையில் அற்புதம் ஒருமுறை நடந்தால் போதும், கதைக்கு அதுதான் உயிர். ஆய்வில் மறுபடி நடக்காத ஒன்றைக் கணக்கில் எழுதவே முடியாது. சினிமா விஞ்ஞானி கதையின் விதிப்படி நடக்கிறார். அவருக்கு ஒரே ஒரு தரம் பலித்தால் போதும்.

வகைகள்

உலகை அழிக்கத் துடிக்கும் பைத்தியக்கார விஞ்ஞானி ஒரு வகை. குடையை மறந்து, செருப்பை மாற்றிப் போட்டுச் சிரிப்புக்கு ஆளாகும் மறதிப் புரொபசர் இன்னொரு வகை. தன் படைப்பே கைமீறிப் போகக் கையைப் பிசைந்து நிற்பவர் ஒருவர், தனியாளாக உலகைக் காப்பாற்றுபவர் ஒருவர். பெண் என்றால் பெரும்பாலும் உதவியாளர், காதலி அல்லது புரொபசரின் மகள். அவர் கண்ணாடியைக் கழற்றி முடியை அவிழ்த்ததும் அழகியாகிவிடும் காட்சி எத்தனையோ மொழிகளில் வந்துவிட்டது. அறிவும் அழகும் சேர்ந்து இராது என்பதுதான் அந்தக் காட்சி பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பாடம். சந்திரயான் 2 திட்டத்துக்கு வனிதாவும் ஆதித்யா எல்1 திட்டத்துக்குச் செங்கோட்டை நிகர் ஷாஜியும் இயக்குநர்களாக இருந்ததைச் செய்தியில் பார்த்த பிள்ளைகளுக்கும் சினிமா அதையே திரும்பச் சொல்கிறது.

இவற்றில் கோட்டும் தலைமுடியும் பெரிய கேடில்லை. பெண்ணை ஓரம்கட்டுவது கேடு. அதற்குச் சமமான இன்னொரு கேட்டை யாரும் அதிகம் பேசுவதில்லை: தனியாக, ஒரே இரவில், மேதைமையால் மட்டும் கண்டுபிடிப்பது. இரண்டரை மணி நேரப் படத்துக்கு வேறு வழியில்லை என்பது உண்மைதான். ஆனால் அதை நம்பி வளரும் பிள்ளை, முதல் முறை விடை தப்பினால் தனக்கு மூளை இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறது. ஒன்பது முறை பொறுமையாகத் திரும்பச் செய்யும் பிள்ளைக்கோ, ஆய்வுக்குத் தேவையான குணம் தன்னிடம்தான் இருக்கிறது என்பதே தெரிவதில்லை.

ஏத்தாப்பூரில் ஓர் ஆண்டு

நிஜத்தில் எவ்வளவு காலம் ஆகும்? சேலம் மாவட்டத்திலேயே பார்க்கலாம். ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மரவள்ளிக்கு, அதாவது குச்சிக்கிழங்குக்கு, பெரிய எதிரி தேமல் நோய். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அது. நோய் கண்ட செடியிலிருந்து வெட்டிய விதைக்குச்சியை நட்டாலும் வந்துவிடும்.

புதிய ரகம் ஒன்று நோயைத் தாங்குமா, விளைச்சல் கொடுக்குமா என்று பார்க்க வேண்டுமென்றால் வயலில் ஒரு பாத்தி நட்டுப் பார்த்தால் போதாது. வயலின் ஒரு மூலை பள்ளமாக இருக்கும், தண்ணீர் தேங்கும். அங்கே நட்டது நன்றாக விளைந்தால் அது ரகத்தின் திறமையா, பள்ளத்தின் புண்ணியமா? ஆகவே ஒவ்வொரு ரகத்தையும் மூன்று நான்கு பாத்திகளில், எந்தப் பாத்தி எதற்கு என்று சீட்டுக் குலுக்காத குறையாக மாற்றி மாற்றி நடுவார்கள். பக்கத்திலேயே விவசாயிகள் ஏற்கெனவே பயிரிடும் பழைய ரகமும் ஒப்பீட்டுக்காக இருக்கும். பாத்தியின் ஓரச்செடிகளுக்கு வெயிலும் இடமும் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால் அவற்றை விட்டுவிட்டு உள்வரிசைச் செடிகளை மட்டும் எடை போடுவார்கள். பயிர்க்காலமே ஒன்பது பத்து மாதம். ஓர் ஆண்டு மழை அதிகம், மறு ஆண்டு வறட்சி என்று இருக்கும், ஆகவே பல ஆண்டுகள் பார்க்க வேண்டும். பிறகு வேறு வேறு ஊர்களின் மண்ணில். நட்டவர், களை எடுத்தவர், இலையில் நோய்ப்புள்ளி எண்ணியவர், கணக்குப் போட்டவர், பூச்சியியலாளர், நோயியலாளர் என்று ஒரு ரகத்துக்குப் பின்னால் பலர். சினிமா இரவு ஒன்றுக்கு இங்கே பத்தாண்டுகள்கூட ஆகலாம்.

மாவுச்சத்தை அளப்பது இன்னும் சுவையானது. மாவுச்சத்து தண்ணீரைவிட அடர்த்தியானது. கிழங்கைக் காற்றில் ஒரு தரம், தண்ணீரில் மூழ்கவைத்து ஒரு தரம் எடை போட்டால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து அடர்த்தி கிடைக்கும், அடர்த்தியிலிருந்து சத்து. கிழங்கில் மண் ஒட்டியிருந்தாலோ, காற்றுக்குமிழி சிக்கியிருந்தாலோ கணக்குப் பிசகும். ஜவ்வரிசி ஆலைகளில் பாயிண்ட் பார்த்து விலை சொல்கிறார்களே, அது இந்த மாவுச்சத்துக் கணக்குதான். ஆலையில் லுங்கி கட்டிக்கொண்டு தராசைப் பார்ப்பவர் திரையில் வந்தால் அவரை யாரும் விஞ்ஞானியோடு சேர்க்க மாட்டார்கள். அளவீட்டு முறை என்னவோ ஆர்க்கிமிடீஸ் வழிவந்ததுதான்.

ஏற்காட்டுக்கு ஏறினால் வேறொரு வகை. அங்கே இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. ஆர்க்கிட் விதை தூசு போன்றது. முளைக்கத் தேவையான உணவுச் சேமிப்பு அதில் இல்லை. காட்டில் ஒருவகைப் பூஞ்சையின் துணையால் முளைக்கும். லேபில் சர்க்கரை கலந்த அகர் கூழில் முளைக்கவைப்பார்கள். ஒரே ஒரு பூசண வித்து உள்ளே புகுந்தால் பாட்டில் முழுதும் பாழ். அதனால் கையை ஸ்பிரிட்டால் துடைத்து, சுத்தமான காற்று வீசும் பெட்டிக்குள் வேலை செய்வார்கள். விதை பூக்கும் செடியாகச் சில ஆண்டுகள் ஆகும். அதே ஆட்கள் இன்னொரு நாள் சேர்வராயன் மலைச் சரிவில் சேறு அப்பிய ஷூவோடு செடி சேகரிப்பார்கள், நாளிதழ்த் தாள்களுக்கு இடையே வைத்து அழுத்துவார்கள், ஈரத்தாளைத் தினமும் மாற்றுவார்கள். மாற்றாவிட்டால் பூசணம் பிடித்துச் செடி கறுத்துவிடும்.

மலையடிவாரத்து வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கங்களில் புவியியலாளர் ஒரு சுத்தியல், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், சிறு புட்டியில் நீர்த்த அமிலம் வைத்திருப்பார். சுண்ணாம்புக்கல்லில் ஒரு சொட்டு விட்டதும் நுரைக்கும். மேக்னசைட் அப்படி நுரைக்காது. பொடித்தோ அமிலத்தைச் சூடாக்கியோ பார்க்க வேண்டும். இது தெரியாதவர் முதல் சொட்டிலேயே தப்பான பெயர் எழுதிவிடுவார். லென்ஸையும் சினிமாத் துப்பறிவாளர் மாதிரி கைநீட்டிப் பிடிப்பதில்லை. லென்ஸ் கண்ணுக்கு அருகில், கல் லென்ஸுக்கு அருகில்.

வகுப்பில் செய்து பார்க்க

பிள்ளைகள் மனத்தில் என்ன அச்சு இருக்கிறது என்று அறிய ஒரு எளிய சோதனை உண்டு. டேவிட் வேட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் 1983இல் வெளியிட்டது. 4,807 தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் விஞ்ஞானி ஒருவரை வரையச் சொல்லியிருந்தார். பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர்தான், அத்தனை பேரும் சிறுமிகள். கோட்டு, கண்ணாடி, தாடி மீசை, ஆய்வுக் கருவிகள், புத்தகம் போன்ற அறிவுச் சின்னங்கள், தொழில்நுட்பப் பொருள்கள், பார்முலா அல்லது ‘யுரேகா’ போன்ற எழுத்து என்ற ஏழு அடையாளங்களை அவர் எண்ணினார். மிகச் சிறிய பிள்ளைகளின் படங்களில் இவை குறைவு, வகுப்பு ஏற ஏற அதிகம். பிறவியில் வந்த எண்ணமாக இருந்தால் அப்படி ஏறியிருக்காது. அமெரிக்காவில் பிந்தைய பத்தாண்டுகளில் நடந்த இத்தகைய சோதனைகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஆய்வில் பெண் உருவங்கள் சராசரியாக நூற்றுக்கு 28 என்று உயர்ந்திருந்தன. ஆனாலும் வயது கூடக்கூட ஆண் உருவமே கூடியது.

செய்முறை இது. ஆளுக்கு ஒரு ஏ4 தாள், பென்சில், அரைமணி நேரம். “ஒரு விஞ்ஞானி வேலை செய்வதை வரையுங்கள்” என்ற ஒரே வாக்கியம். தமிழில் விஞ்ஞானி என்ற சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அதைக் கெடுக்காமல், கேள்வி கேட்கும் பிள்ளைகளுக்கு விடை சொல்லும்போது ‘அவர்’ என்றே சொல்லுங்கள், ‘அவன்’ வேண்டாம். சுவரில் அறிவியலாளர் படங்கள் இருந்தால் மறைத்துவிடுங்கள். அப்துல் கலாம் படத்துக்கு எதிரே உட்கார்ந்தால் வகுப்பு பூராவும் அவர் தலைமுடியைத்தான் வரையும். அறிவியல் தினம் முடிந்த மறுநாளும் வேண்டாம். மதிப்பெண் உண்டா என்று கேட்பார்கள், இல்லை என்று முன்பே சொல்லிவிட வேண்டும். தாளின் பின்பக்கத்தில், இவர் பெயர் என்ன, எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார், கூட யார் இருக்கிறார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். குட்டை முடி வரைந்ததை வைத்து ஆண் என்று நாமாக முடிவுசெய்யும் தவறு இதனால் குறையும்.

எண்ணுவதை இருவர் தனித்தனியே செய்து பிறகு ஒப்பிட வேண்டும். ஒருவர் தாடி என்று பார்ப்பதை இன்னொருவர் நிழல் என்று பார்ப்பார். ஏழு அடையாளங்களோடு நம் பங்குக்கு இரண்டு சேர்க்கலாம்: படத்தில் எத்தனை பேர், இடம் அறையா வெளியா.

இந்தச் சோதனையில் ஒரு பலவீனம் உண்டு. ஒரே படம் வரையச் சொன்னால், பார்ப்பவருக்குச் சட்டென்று புரியும் சின்னத்தைத்தான் பிள்ளை வரையும். தான் நம்புவதை வரைந்ததாகச் சொல்ல முடியாது. வீடு வரையச் சொன்னால் மாடி வீட்டுப் பிள்ளையும் ஓட்டு வீடுதானே வரைகிறது. ஆகவே வேறு வேறு நாளில் இன்னும் இரண்டு படங்கள் வாங்குங்கள்: “இன்னொரு விஞ்ஞானி”, “உங்கள் ஊரில் இருக்கும் விஞ்ஞானி”. மூன்றாவது தாளில்தான் வயலும் சுரங்கமும் வரத் தொடங்கும், அல்லது வெறும் தாள் வரும். வெறும் தாளும் ஒரு விடைதான், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பிறகு ஏத்தாப்பூருக்கோ ஏற்காட்டுக்கோ முன் அனுமதி பெற்று ஒரு நாள் அழைத்துப் போகலாம். சுற்றிக்காட்டுவதைவிட வேலையில் கை வைக்க விடுவது பலன் தரும்: ஒரு கிழங்கைக் காற்றிலும் நீரிலும் பிள்ளைகளே எடை போடட்டும், நான்கு குழுக்களின் விடையும் ஏன் ஒன்றாக வரவில்லை என்று அவர்களே பேசட்டும். ஒரு மாதம் இடைவெளி விட்டு, சொல்லிக்கொடுக்காமல், அதே ஒற்றை வாக்கியத்தைச் சொல்லி மறுபடி வரையச் சொல்லுங்கள். மறுநாளே கேட்டால் பார்த்ததைப் பார்த்தபடி வரைந்துவிடுவார்கள், அதை மாற்றம் என்று எண்ண முடியாது. தாள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் சேர்த்துப் பின் அடித்துக் கொடுங்கள். எது மாறியிருக்கிறது என்று அந்தப் பிள்ளையே பார்த்துச் சொல்லட்டும்.